புது போன், புது ஓ.எஸ்... திறக்க மறுக்கும் கடல் மேப்! 4-க்கும் 16-க்கும் நடுவே என்ன சிக்கல்?

ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகு கிளம்பும் முன் ஏற்றப்படும் சாமான்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். டீசல், ஐஸ், வலை, தண்ணீர் கேன், சாப்பாடு, மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கன். சில வருடங்களாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கட்டிய ஸ்மார்ட்போன்.

அந்த போன் கடலில் பாட்டுக் கேட்க மட்டும் போவதில்லை. மீன் கூடும் இடங்களையும் கடல் நிலவரத்தையும் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கணித்துச் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கை கொடுக்கிறது. விசைப்படகுகளில் பொருத்தப்படும் டிரான்ஸ்பாண்டருக்கு வரும் செயற்கைக்கோள் செய்தியை, புளூடூத் வழியாக வாங்கிப் படித்துக்காட்டுவதும் போனில் இருக்கும் ஆப்தான்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வகுத்த எல்லைக்கோடு இந்தக் கடல் வழியாகத்தான் போகிறது. தண்ணீரில் கோடு தெரியாது. தாண்டினால் என்ன ஆகும் என்பது பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்: கைது, சிறை, படகு பறிமுதல். ஊருக்குள் மேப் திறக்கவில்லை என்றால் நாலு பேரிடம் வழி கேட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி முடியாது.

ஆனால், போன் மாற்றிய பிறகோ, ஓ.எஸ் புதிதான பிறகோ நேற்று வரை ஓடிய ஆப் ஒன்று திடீரென்று படுத்துக்கொள்வது எந்த ஊரிலும் நடக்கிற விஷயம். "ஆப் நின்றுவிட்டது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். போனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "அண்ணே, வைரஸா இருக்கும்... ரீசெட் அடிச்சிரலாமா?" என்பார் கடைக்காரத் தம்பி. பாவம், அவருக்கும் வேறு வழி தெரியாது. பெரும்பாலும் அது வைரஸ் கிடையாது. ஆப்புக்குள் எங்கோ ஒரு மூலையில், பல வருடங்களுக்கு முன் யாரோ ஒரு புரோகிராமர் எழுதிவைத்த ஒரே ஓர் எண்ணும் காரணமாக இருக்கலாம். அந்த எண் 4096.

பெட்டியை உடைக்காத வியாபாரி

போனின் மெமரியை நாம் ஒரே பெரிய கிடங்காக நினைத்துக்கொள்கிறோம். ஓ.எஸ் அதை அப்படிப் பார்ப்பதில்லை. சம அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துவைத்துக்கொண்டு, எந்தத் துண்டு எந்த ஆப்பிடம் இருக்கிறது என்று கணக்கு எழுதுகிறது. இந்தத் துண்டுக்குப் பெயர் 'பேஜ்', அதாவது பக்கம். 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரிலேயே இந்த யோசனை வந்துவிட்டது. 1985-ல் இன்டெல் கொண்டுவந்த 386 சிப்பில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட், அதாவது 4096 பைட். அதன்பின் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்களிலும், ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த 4 கிலோபைட்டே வழக்கமாகிவிட்டது. நாற்பது வருடம் மாறாத எண் என்றால், அது மாறவே மாறாது என்று மனுஷனுக்குத் தோன்றத்தானே செய்யும்?

இனி, மேப் ஆப்புக்கு வருவோம். நெட் இல்லாத இடத்தில் ஓடுகிற மேப் ஆப், வரைபடம் முழுவதையும் ஒரு பெரிய கோப்பாக போனிலேயே வைத்திருக்கும். சில நூறு எம்.பி. இருக்கலாம். அத்தனையையும் மெமரிக்குள் வாசித்து ஏற்றினால் சின்ன போன் திணறிப்போகும். அதனால் புரோகிராமர்கள் ஓர் உத்தியைக் கையாள்வார்கள். "இந்தக் கோப்பில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு நீளத்தை என் மெமரியில் இருப்பதுபோலக் காட்டு. நான் எந்தப் பக்கத்தைத் தொடுகிறேனோ அதை மட்டும் அப்போது கொண்டுவந்தால் போதும்" என்று ஓ.எஸ்ஸிடம் கேட்பார்கள். இதுதான் மெமரி மேப்பிங். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்த அழைப்புக்குப் பெயர் 'எம்மேப்'. கடல் மேப்புக்கும் இந்த மேப்புக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.

இந்த அழைப்புக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. கோப்பில் 'இந்த இடத்திலிருந்து' என்று கேட்கும் இடம், ஒரு பக்கத்தின் தொடக்கமாகத்தான் இருக்க வேண்டும். பாதிப் பக்கத்திலிருந்து கேட்டால் ஓ.எஸ் கொடுக்காது.

மீன் வியாபாரத்தில் வைத்துப் பார்த்தால் எளிது. வியாபாரி மீனைப் பெட்டி கட்டி அடுக்கிவைத்திருக்கிறார். பெட்டி ஒன்று 4 கிலோ. "முதல் 20 கிலோவை விட்டுட்டு, அதுக்கப்புறம் உள்ளதைக் கொடுங்கண்ணே" என்று கேட்டால் பிரச்னையே இல்லை. ஐந்து பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஆறாவது பெட்டியிலிருந்து கொடுப்பார். அடுத்த வாரம் அதே வியாபாரி 16 கிலோ பெட்டிக்கு மாறிவிட்டார். இப்போதும் போய், "20 கிலோவை விட்டுட்டுக் கொடுங்க" என்றால்? முதல் பெட்டி முழுசாகப் போக, இரண்டாவது பெட்டியில் 4 கிலோ கழிய வேண்டும். "பெட்டியை உடைக்க மாட்டேன், வேணும்னா முழுப் பெட்டியாக் கேளு" என்று சொல்லிவிடுவார்.

மேப் ஆப்புக்கும் இதேதான் நடக்கிறது. 4 கிலோபைட் பக்கத்தில், கோப்பின் 20,480-வது பைட் சரியாக ஆறாவது பக்கத்தின் தொடக்கம். பக்க அளவு 16 கிலோபைட் ஆகிவிட்டால், அதாவது 16,384 பைட் ஆகிவிட்டால், 20,480 என்பது இரண்டாவது பக்கத்தின் நடுவில் போய் நிற்கிறது. ஓ.எஸ் 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறது. கேட்ட முறை தவறு என்பதுதான் அதற்கு அர்த்தம். நேற்று வரை அதே கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்துகொண்டிருந்தது என்பது ஓ.எஸ்ஸுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது.

தொண்டி திறக்கும், மண்டபம் திறக்காது!

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது.

முதலாவது, இது எப்போதும் தோற்பதில்லை. 4-ன் மடங்குகளில் நாலில் ஒன்று 16-க்கும் மடங்கு. 0, 16, 32, 48 என்று வருகிற இடங்களில் பழைய கோடும் புது ஓ.எஸ்ஸில் ஜம்மென்று வேலை செய்யும். 4, 8, 12, 20 என்று வந்தால் விழும். வரைபடக் கோப்பில் தொண்டிப் பக்கத்துக் கடல் 32-ல் தொடங்குகிறது, மண்டபம் பக்கத்துக் கடல் 36-ல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டி திறக்கும், மண்டபம் திறக்காது. பயன்படுத்துகிறவர் என்ன நினைப்பார்? அந்தப் பக்கம் டவர் இல்லை என்றோ, மேப் சரியாக டவுன்லோடு ஆகவில்லை என்றோதான் நினைப்பார். அழித்துவிட்டு மறுபடி இறக்குவார். மறுபடியும் அதே இடத்தில் நிற்கும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். எம்மேப் தோற்றால் அது கத்திக் கூப்பாடு போடாது. மைனஸ் 1 என்று ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகிவிடும். அதைச் சரிபார்க்க வேண்டியது ஆப்பின் பொறுப்பு. 'இது எங்கே தோற்கப்போகிறது' என்று நினைத்துச் சரிபார்க்காமல் விட்ட கோடுகள் உலகத்தில் ஏராளம். அப்படிப்பட்ட ஆப், மைனஸ் 1 என்பதையே ஒரு மெமரி முகவரி என்று நம்பி, அங்கே போய் வரைபடத்தைப் படிக்கப் பார்க்கும். அப்படி ஒரு முகவரியே இல்லாததால் ஓ.எஸ் அந்த இடத்திலேயே ஆப்பைக் கொன்றுவிடும். விசாரிக்க வரும் புரோகிராமருக்குக் கிடைக்கும் அறிக்கையில், உயிர் போன இடம்தான் இருக்கும். விஷம் வைத்த இடம் அதற்குப் பல வரிகள் முன்னால் கிடக்கும். படம் வரையும் பகுதியில்தான் பிழை என்று நாள்கணக்கில் அங்கேயே தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

அனுபவசாலி ஒருவர் அமர்ந்தால் வேறு வழியில் போவார். போனைக் கேபிளில் மாட்டி அதன் லாக்கை ஓடவிட்டு, ஆப் விழுவதற்கு முந்தைய வரிகளைப் பார்ப்பார். ஆப், ஓ.எஸ்ஸிடம் கேட்கும் ஒவ்வோர் அழைப்பையும் வரிசையாகப் பதிவுசெய்யும் 'எஸ்ட்ரேஸ்' என்ற கருவி லினக்ஸ் உலகில் உண்டு. அதில் எம்மேப் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தால், எது வென்றது, எது தோற்றது என்று அடுத்தடுத்துத் தெரியும். தோற்ற இடங்களின் எண்களைக் காகிதத்தில் எழுதி 16,384-ஆல் வகுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் மீதி நிற்கும். வென்றவற்றில் மீதியே இருக்காது. அந்த இடத்தில் குட்டு உடைந்துவிடும். ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்கு!

திருத்தம் அதைவிடச் சின்னது. 4096 என்று கோடில் எழுதாமல், "இந்த போனில் பக்க அளவு என்ன?" என்று ஓ.எஸ்ஸிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கென்றே ஓர் அழைப்பு இருக்கிறது. பிறகு 20,480 வேண்டுமென்றால், அதற்கு முந்தைய பக்கத் தொடக்கமான 16,384-லிருந்து கேட்டு வாங்கி, கூடுதலாக வந்த 4,096 பைட்டைத் தாண்டிப் படித்துக்கொள்ள வேண்டும். முழுப் பெட்டியை வாங்கி, மேலே இருக்கும் 4 கிலோவை நம் கையால் ஒதுக்கிவிடுகிற மாதிரி. மூன்று நான்கு வரி வேலை. கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆகும்.

பாம்பன் பார்த்த கேஜ் மாற்றம்

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க, கம்ப்யூட்டர் உதாரணமே தேவையில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2000-களின் நடுப்பகுதி வரை ஓடியது மீட்டர் கேஜ் ரயில். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர். 2007-ல் மானாமதுரை - ராமேஸ்வரம் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாறியது. பாதை அகலமானது நல்லதுக்குத்தான். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நேராக ராமேஸ்வரத்துக்கு ரயில் விட முடிந்தது. ஆனால், மறுநாள் ஒரு மீட்டர் கேஜ் பெட்டியைக் கொண்டுவந்து அந்தப் பாதையில் வைத்தால் நகருமா? பெட்டியில் பழுது ஒன்றும் இருக்காது, பாதையிலும் குற்றம் சொல்ல முடியாது. அச்சின் நீளத்தைப் பட்டறையில் இரும்பாகவே அடித்து வைத்துவிட்டதுதான் தடை.

ஆண்ட்ராய்டில் இப்போது அந்த கேஜ் மாற்றம்தான் தொடங்கியிருக்கிறது. 2024-ல் வந்த ஆண்ட்ராய்டு 15, முதன்முறையாக 16 கிலோபைட் பக்கத்துக்கு இடம் கொடுத்தது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்கு மேற்பட்டதைக் குறிவைத்து பிளே ஸ்டோருக்கு வரும் புது ஆப்களும் அப்டேட்களும் 16 கிலோபைட் பக்கத்திலும் ஓட வேண்டும் என்று கூகுள் விதி போட்டது.

ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 8 ஜி.பி. மெமரி உள்ள போனை 4 கிலோபைட்டாக நறுக்கினால் 20,97,152 துண்டுகள். 16 கிலோபைட்டாக நறுக்கினால் 5,24,288 தான். கணக்குப்பிள்ளை எழுத வேண்டிய வரிகள் நாலில் ஒன்றாகக் குறைகின்றன. மெமரி நெருக்கடியில் இருக்கும் நேரத்தில் ஆப்கள் சராசரியாக 3.16 சதவிகிதம் வேகமாகத் திறந்தன, சில ஆப்கள் 30 சதவிகிதம் வரைகூட முந்தின என்று கூகுள் தன் சோதனை முடிவாகச் சொல்கிறது. ஆப் திறக்கும்போது பேட்டரி செலவு சராசரியாக 4.56 சதவிகிதம் குறைந்ததாம். சும்மா கிடைக்கவில்லை இது. துண்டு பெரிதானால் சின்னப் பொருளுக்கும் பெரிய பெட்டி கொடுக்க வேண்டியிருக்கும். மெமரி சுமார் 9 சதவிகிதம் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் கூகுளே ஒப்புக்கொண்டிருக்கிறது. குறைந்த ரேம் உள்ள போன் வைத்திருப்பவருக்கு இந்தப் பேரம் அவ்வளவு இனிக்காது.

ஆப்பிள் இந்த ஆற்றை முன்பே கடந்துவிட்டது. 64 பிட்டுக்கு மாறிய ஐபோன்கள் 16 கிலோபைட் பக்கத்தில்தான் ஓடுகின்றன. 2020-ல் வந்த எம்1 மேக் கம்ப்யூட்டர்களிலும் அதே அளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கையில் இருக்கும் பழைய போனை ஆண்ட்ராய்டு 15-க்கு அப்டேட் செய்ததுமே அது 16-க்குத் தாவிவிடாது. 4-லேயே ஓடிக்கொண்டிருக்கும். கூகுளின் பிக்சல் 8 போன்ற சில போன்களில், டெவலப்பர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்று மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. மற்றபடி, 16-ஐத் தேர்ந்தெடுத்துத் தயாரிக்கப்படும் புது போன்களில்தான் இந்தச் சிக்கல் கண்ணில் படும். ஆக, இன்று உங்கள் போனில் ஓர் ஆப் விழுந்தால் 16 கிலோபைட்தான் காரணம் என்று உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். கேஜ் மாற்றம் உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வந்துசேர இன்னும் நாள் இருக்கிறது.

முன்பே அடிபட்டவர்கள்

மெமரி மேப்பிங்கில் விதி மாறி ஆப்கள் தடுக்கி விழுவது இது முதல் தடவையும் அல்ல. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-ல், இரண்டு புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரிக்கான 'ஆஷ்மெம்' என்ற வாசல் மூடப்பட்டது. ஆண்ட்ராய்டு 10-ஐக் குறிவைத்து வெளிவரும் ஆப்கள் அந்த வாசல் வழியாக நேரடியாக நுழையக்கூடாது, முறையான வழியில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். பழைய குறுக்கு வழியை நம்பியிருந்த கோடுகளுக்கு, இலக்கு எண்ணை உயர்த்திய அன்றே கதவு அடைபட்டது.

பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமான உதாரணம் ராஸ்பெர்ரி பை. உள்ளங்கை அளவுள்ள இந்தக் குட்டி கம்ப்யூட்டரின் ஐந்தாம் தலைமுறை 2023-ல் வந்தபோது, அதன் ஓ.எஸ்ஸில் 16 கிலோபைட் கெர்னல் இருந்தது. பை 4-ல் நன்றாக ஓடிய சில புரோகிராம்கள் புது போர்டில் ஏற மறுத்தன. குறிப்பாக, 'ஜேஇமாலக்' என்ற மெமரி நூலகத்தை 4 கிலோபைட்டுக்கென்றே கம்பைல் செய்து சேர்த்திருந்த புரோகிராம்கள், 'இந்தப் பக்க அளவை நான் ஆதரிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றன. அப்படி வாய்விட்டுச் சொன்னதே பெரிய உபகாரம். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய 4 கிலோபைட் கெர்னலுக்குத் திரும்பிக்கொள்ளலாம் என்பதால் பலர் தப்பித்தார்கள். போனில் அப்படி ஒரு வரி சேர்க்கும் சுதந்திரம் சாதாரணப் பயனாளிக்குக் கிடையாது.

அனாதை ஆப்கள்

பெரிய நிறுவனங்களின் ஆப்களைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களிடம் ஆள் இருக்கிறது, விதி வந்தவுடன் மாற்றிவிடுவார்கள். ஜாவாவிலும் கோட்லினிலும் மட்டுமே எழுதப்பட்ட சாதாரண ஆப்களுக்கும் பிரச்னை இல்லை. அவை பக்க அளவைத் தொடுவதே கிடையாது. மாட்டிக்கொள்வது சி, சி++ மொழிகளில் எழுதிய நூலகங்களை உள்ளே வைத்திருக்கும் ஆப்கள். வரைபடம், வீடியோ, விளையாட்டு, குரல் என்று வேகம் தேவைப்படும் இடங்களில் அவைதான் இருக்கும். அவற்றிலும் பல நூலகங்கள், ஆப் செய்தவர் தானே எழுதாமல் வேறு எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்தவை.

இப்படிப்பட்ட நூலகத்துக்கு எம்மேப் மட்டுமல்ல, பிறப்பிலேயே ஒரு சிக்கல் உண்டு. நூலகக் கோப்பை மெமரியில் ஏற்றுவதும் ஒருவகை மெமரி மேப்பிங்தான். 4096-க்கு ஏற்றபடி அடுக்கிக் கட்டிய கோப்பை 16,384 பக்கமுள்ள போனில் ஏற்றப் போனால், 'அடுக்கு அளவு, பக்க அளவைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது' என்று ஆண்ட்ராய்டு சொல்லிவிடும். ஆப்பின் முதல் திரைகூட வராது. ஆண்ட்ராய்டு 16-ல் இதற்கு ஓர் இடைக்கால ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பழைய அடுக்கில் இருக்கும் ஆப்பையும் சமாளித்து ஏற்றி, 'இது பொருந்தாத ஆப்' என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டும். ஏற்றுவதற்குத்தான் அது உதவும். கோடுக்குள் 4096 என்று எழுதிவைத்திருப்பதை அதனால் திருத்த முடியாது.

சரிசெய்ய வேண்டுமென்றால் மூலக் கோடு வேண்டும். அதைப் புதிய கருவிகளால் மறுபடி கம்பைல் செய்ய ஓர் ஆள் வேண்டும். கூகுளின் என்.டி.கே. 28-வது வெளியீட்டில் 16 கிலோபைட் அடுக்குதான் இயல்பாகவே வருகிறது. ஆளிருந்தால் பாதி வேலை தானாக நடந்துவிடும். ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஏதோ ஒரு திட்டத்தில் நிதி வருகிறது, ஓர் ஆப் செய்யப்படுகிறது, தொடக்க விழா நடக்கிறது, ஒப்பந்தம் முடிகிறது. செய்தவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ஆப் மட்டும் ஆயிரக்கணக்கான போன்களில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தண்டவாளத்தை மாற்றுகிறவர்கள் பெட்டிகளை மாற்றவும் ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்வார்கள். ஆப்களுக்குப் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரவுசெலவுத் திட்டம் போடப்படுவதே இல்லை. கடலோர மக்களுக்காக ஆப் செய்யச் சொல்லும் எந்த அமைப்பும், செய்கிற செலவோடு ஐந்து வருடப் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதிவாங்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கப் புது போன்கூட வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் 16 கிலோபைட் எமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ஓரளவு நல்ல லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரி மாணவர், தன் அப்பாவும் சித்தப்பாவும் கடலில் பயன்படுத்தும் ஆப் அதில் திறக்கிறதா என்று ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிடலாம். விழுந்தால், பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்திலேயே டெவலப்பரின் மின்னஞ்சல் இருக்கும். '16 கே.பி. பக்கத்தில் திறக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டால், வாங்குகிறவருக்கு அது தங்கம். 'ஆப் வேலை செய்யலை' என்று வரும் நூறு புகார்களைவிட அதில் சேதி அதிகம்.

படகில் ஏறும் முன்...

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி மரவேலை, பெயின்ட், இன்ஜின் வேலை எல்லாம் அப்போதுதான் நடக்கும். போன் மாற்றுவதற்கும், ஓ.எஸ் அப்டேட் போடுவதற்கும்கூட அதைவிட நல்ல நேரம் இல்லை. கடலுக்குப் போகும் முந்தின ராத்திரி அப்டேட் போடுவது, இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு விடியக்காலை தொழிலுக்குக் கிளம்புவது போலத்தான். தானாக அப்டேட் ஆகும் வசதியை, தொழில் நாள்களில் அணைத்துவைக்கலாம்.

புது போன் வந்தால், பழையதை உடனே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட வேண்டாம். இரண்டிலும் அதே ஆப்களை ஏற்றி, கரையில் இருக்கும்போதே ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஏரோபிளேன் மோடிலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். கடலில் டவர் போன பிறகு இருக்கும் நிலைமை ஏறக்குறைய அதுதான். மேப்பை ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடாமல், தொண்டியிலிருந்து தனுஷ்கோடி தாண்டி மன்னார் வளைகுடா வரை விரலால் இழுத்துப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் திறக்கும் கதை நினைவிருக்கிறதல்லவா? டிரான்ஸ்பாண்டர் ஆப்பையும் புளூடூத்தில் இணைத்து ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது நல்லது. டவர் எல்லை தாண்டிய பிறகு ஆப் திறக்கவில்லை என்றால், அங்கிருந்து எதையும் டவுன்லோடு செய்ய வழியில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆப் திறக்கவில்லை என்றதும் அன்இன்ஸ்டால் செய்யாமல் இருப்பது. எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன், எந்த இடத்தில் வலை கிழியும் என்பதையெல்லாம் வருடக்கணக்கில் குறித்துவைத்த புள்ளிகள் அந்த ஆப்புக்குள்தான் கிடக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலோ, கடையில் ரீசெட் அடித்தாலோ ஆப்புக்குள் சேமித்தவை அதோடு போய்விடும். ஆப் திறக்கவில்லை என்பதற்காக அந்தப் புள்ளிகள் அழிந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. திருத்திய அப்டேட் மேலே வந்து உட்கார்ந்தால், அவை அப்படியே திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆப் நன்றாக ஓடும் நாளிலேயே, மெனுவில் எக்ஸ்போர்ட் என்று ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல ஆப்களில் புள்ளிகளை ஜி.பி.எக்ஸ். கோப்பாக வெளியே எடுக்கும் வசதி உண்டு. அதை வீட்டில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் போதும். இந்த ஆப் போனாலும், ஜி.பி.எக்ஸ். படிக்கத் தெரிந்த வேறு எந்த ஆப்பிலும் அதைத் திறந்துகொள்ளலாம்.